உப்பு ஒத்தடம்

பாடாலூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பழனிவேல் பரோட்டா மாஸ்டர். பிசைவது, வீசுவது, கல்லில் போட்டுத் திருப்புவது எல்லாமே நின்றுகொண்டு செய்கிற வேலை. அந்தக் கால்களை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

சாப்பிட வந்த மலையேற்றக் கோஷ்டி ஒன்று அவன் கைருசிக்கு மயங்கி, "லடாக்குக்கு வர்றீங்களா மாஸ்டர்? சமைச்சுப் போட்டாப் போதும்" என்று கேட்டது. பச்சைமலையைத் தவிர வேறு மலையை அவன் அறியான்.

"ஐஸ்பெட்டிக்குள்ள போயி நிக்கப்போறியாக்கும்?" என்றாள் பெண்டாட்டி வெற்றிச்செல்வி.

"அடுப்புல வெந்த ஒடம்புடி. கொஞ்சம் குளிரட்டுமே."

லடாக்கில் ஒரு கணவாய்க்குக் கீழே ஓடையைத் தாண்டும்போது அவன் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கோஷ்டித் தலைவன் ராஜேஷ், "அண்ணே, சாக்ஸை மாத்திட்டு நடங்க" என்றான்.

"எல்லாரும் பசியில கெடக்காங்க தம்பி. மொதல்ல சமையல், அப்பறம் சாக்ஸு."

எல்லாருக்கும் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றினால், வலது கால் விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. கிள்ளிப் பார்த்தான். உணர்ச்சியே இல்லை.

ராஜேஷ் பார்த்துவிட்டுப் பதறினான். "சூடு கீடு வச்சிராதீங்கண்ணே, சுட்டாலும் தெரியாது. வெதுவெதுன்னு தண்ணி கொண்டாறேன், இருங்க." அதற்குள் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெண் மலை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுக்க, அங்கே ஓடினான்.

பழனிவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மரத்தாலும் சுளுக்கினாலும் அவன் வீட்டில் உப்பு ஒத்தடம்தான். கல்லுப்பை வாணலியில் வறுத்து, துண்டில் முடிந்து, விரல்மேல் வைத்து அழுத்தினான். சூடே தெரியவில்லை. ஆறிப்போச்சு போல என்று மறுபடியும் வறுத்து, இன்னும் அழுத்தினான். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. வாணலியைத் திரும்பிப் பார்த்தான். அது காலியாகத்தான் இருந்தது.

"என்னண்ணே பண்ணிட்டீங்க!" தண்ணீரோடு வந்த ராஜேஷ் மூட்டையைப் பிடுங்கினான். தோலும் கூடவே வந்தது. யாரோ ஒருத்தன் காலைப் பார்க்கிற மாதிரி பழனிவேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் வலது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறி அவன் வேலைக்கு வந்த அன்று முதலாளி முத்துசாமி, "வா மாஸ்டர், கல்லுகிட்ட நில்லு பாப்போம்" என்றார். நின்றான். மாவை வீச முன்னால் சாய்ந்ததும் பிடிமானமில்லாமல் மேடையில் போய் மோதினான். இன்னொரு தரமும் அப்படியே.

"சரி, விடுய்யா. உக்காந்து உருண்டை புடி."

வீட்டில் வெற்றிச்செல்விதான் அழுதாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசேன்யா. என்னையாவது திட்டு!"

"உன்ன எதுக்குத் திட்டணும்? சோத்தைப் போடு."

இப்போது கல்லில் வேறு ஆள் நிற்கிறான். பழனிவேல் ஸ்டூலில் உட்கார்ந்து உருண்டை பிடிக்கிறான். பழைய வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், பரோட்டா முன்ன மாதிரி இல்லையே?" என்கிறார்கள். அவன் தலையைத் தூக்குவதில்லை. மாவைக் கிள்ளுகிறான், உருட்டுகிறான், எண்ணெய் தடவி வைக்கிறான்.