சித்திக்கு வந்த ஒரே ஃபோன்

உலகத்தில் இதுவரை எழுதியது, இனி எழுதப்போவது, எழுதலாமா என்று யாரோ பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பது, எல்லாமே என் சித்தியைக் கேட்டுத்தான் நடக்கிறது. அவள் தலையசைக்காவிட்டால் இலக்கியம் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்கும்.

மற்ற நேரத்தில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். பகலெல்லாம் ஊரையே படிக்க வைக்கிறவளுக்கு, சாயங்காலம் ஒரு ஆள் சிக்குவதில்லை.

வருஷத்துக்கு ஒரு தொகுப்பு போடுவாள். யாருமே கேள்விப்படாத புது ஆட்களின் கதைகள், கவிதைகள். வந்ததையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். நாக்கு தடுக்கிற இடத்தில் பென்சில் கோடு. அதே அறையின் மூலையில்தான் என் பாய்.

"சித்தி, மனுஷன் பாட்டு கேக்க வேணாமா?" என்று இயர்ஃபோனைக் காதில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். ஒன்பதாவதோடு படிப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டுமே.

புத்தகம் வந்ததும் எழுதினவர்கள் ஆளுக்கொன்று வாங்கி, தங்கள் பேர் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். அத்தோடு சரி. மிச்சக் கட்டுகள் எங்கள் வீட்டில் குடும்பம் நடத்தும். மூன்றாம் தொகுப்பின் மேல் டிவி. ஐந்தாம் தொகுப்பின் மேல் உட்கார்ந்துதான் நான் சாப்பிடுகிறேன்.

ஏழாவது வந்த பிறகு சித்தி ஃபோனைக் கையை விட்டு இறக்கவில்லை.

"யாருடி கூப்பிடப் போறா?" என்றாள் அம்மா.

"யாராவது ஒருத்தர், அக்கா. எழுதினவங்க இல்ல, வெளி ஆளு. ஒரே ஒரு ஃபோன் வந்தா எட்டாவது போடுவேன். வரலன்னா இதோட மூட்டை கட்டிடுறேன்."

ஃபோன் வந்தது. லோன் வேணுமா மேடம் என்று. எட்டாவதுக்காக வந்திருந்த கதைகள் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தன. சித்தி சாப்பிடும்போது பேசுவதை நிறுத்தினாள். எனக்குத் தாங்கவில்லை. வீடு அமைதியாக இருந்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வேறொன்றும் இல்லை.

பஞ்சர் கடை அண்ணனின் ஃபோனை வாங்கி, வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு, ரிட்டயர் ஆன பெரியவராக மாறினேன்.

"உங்க புஸ்தகம் படிச்சேம்மா. அந்த லிஃப்ட்காரர் கதை இருக்கே! வேலை போன அன்னிக்கு, கடைசில எல்லா பட்டனையும் அமுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துடுறாரே... கண்ணு கலங்கிடுச்சும்மா."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். சித்தி பிரிக்காத கதைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபோன் வந்துச்சா சித்தி?"

"வந்துச்சு. பெரிய மனுஷர். நல்லாப் பேசினார்."

"அப்ப எட்டாவது?"

ஏழாவதைப் பிரித்து நீட்டினாள். லிஃப்ட்காரர் கதை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. அடுத்த பக்கத்தில் யாரோ மழையைப் பற்றிக் கவிதை எழுதியிருந்தார்கள்.

"அச்சுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு. எல்லா காப்பியிலயும். படிச்சவங்க யாராவது கூப்பிட்டுத் திட்டுவாங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"எழுதினவர்?"

"பேர் போட்ட பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, நன்றின்னாரு."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். கட்டைத் தூக்கி அலமாரியின் உச்சிக்குத் தள்ளினாள். எட்டாவது அங்கேயே முடிந்தது.

"அந்தக் கடைசிப் பக்கத்தை நான் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுப் படிச்சேன்" என்றாள். "இந்தக் கட்டில்ல உக்காந்து."

என் கழுத்தில் தொங்கிய இயர்ஃபோன் வயரைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். சட்டைப் பைக்குள்ளிருந்து அதன் மறுமுனை வெறுமனே வெளியே வந்தது.

"டேய்," என்றாள், "இது எதுலயும் சொருகியே இல்லையேடா."