கறுப்பு வண்டியின் பிரேக்

எது கீழே விழுந்தாலும் அப்பா முதலில் பொருளைத்தான் பார்ப்பார். மகள் சைக்கிளோடு சறுக்கி முழங்கால் கிழிந்து கிடந்தபோது, சைக்கிளை நிமிர்த்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இல்லை என்று தெரிந்த பிறகே அவள் பக்கம் திரும்பினார். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கின் கண் அப்படித்தான் பழகியிருக்கும் என்று அவள் வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பட்டறை நடுவில் அவருடைய கறுப்பு வண்டி நிற்கும். பழைய வண்டிப் பந்தயங்களுக்கு அவர் அதைத் தயார் செய்வார், அவருடைய தம்பி, அவளுடைய சித்தப்பா, ஓட்டுவார். கோப்பைகள் வந்தன. ஒரு பந்தயத்தில் சித்தப்பா விழுந்தார். அதன்பின் வலது முட்டி மடங்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையை எடுத்துவிடுவார். “இந்த வண்டிக்கு பிரேக் இடது கால்ல, கியர் வலது கால்ல. நம்ம மகராசன் பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிச்சான். வண்டி நிக்குமா? அடுத்த கியர்ல பாஞ்சுது!” வீடே சிரிக்கும். சித்தப்பாவுக்குத் ‘தப்புக்கால்’ என்றே பெயர் நிலைத்தது. தெருப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடங்களுக்கும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அதே பட்டறையில் அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி அவருக்குத் தலை நரைத்தது.

குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கி மகள் ஊர் திரும்பிய வருடம், பெயிண்ட் அடிக்க வண்டியின் சட்டத்தைத் தேய்த்துக்கொடுத்தாள். அடியில் எதற்கும் பயன்படாத இரண்டு ஓட்டைகள் இருந்தன.

“இது எதுக்குப்பா?”

“அவன் புது வண்டியில ஓட்டப் பழகினவன். அவனுக்காக பிரேக்க வலப்பக்கமும் கியர இடப்பக்கமும் மாத்தி, குறுக்கால ஒரு தண்டு போட்டிருந்தேன். பந்தயத்தன்னிக்குக் காலையில கழட்டிட்டேன். வெட்டிக் கனம்.”

“சித்தப்பாகிட்ட சொன்னீங்களா?”

“ஏறி உக்காந்தா தெரியாதா? ‘அண்ணே, கியர் மாறியிருக்கே’ன்னு கத்தினான். ‘மூடிக்கிட்டு ஓட்டுடா’ன்னேன்.” அவர் மறுபடி தேய்க்கச் சொன்னார்.

பந்தயத்தில் முன்னால் ஓட்டிப்போனவன் விழுந்த ஒரு நொடியில் சித்தப்பாவின் கால் பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் அப்பா வாயால் இது வர வேண்டும் என்று மகளுக்குத் தோன்றியது. சித்தப்பாவுக்காகவா, அப்பாவை ஒருமுறையாவது மடக்குவதற்கா என்று தன்னையே கேட்டாள். இரண்டும்தான் என்று பட்டது.

உறவெல்லாம் கூடியிருந்த ஒரு மதியம் அப்பா கதையை ஆரம்பித்தார். ‘பாஞ்சுது’ என்ற இடத்தில் அவள் குறுக்கிட்டாள்.

“தண்டக் கழட்டினதயும் சொல்லுங்கப்பா.”

சிரிப்பு நின்றது. அப்பா அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

“ஏண்டா, கழட்டப்போறேன்னு முந்தின நாளே உங்கிட்ட சொல்லல?”

சித்தப்பா தட்டிலிருந்து தலை தூக்கினார். எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன.

“சொன்னீங்கண்ணே.”

“கேட்டுக்கிட்டியா, பட்டதாரி?” என்றார் அப்பா. முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். அத்தை ஒருத்தி, “தப்புக்காலுக்கு வக்கீல் வேற வந்தாச்சு” என்றாள்.

அன்று மாலை பட்டறையில் மகள் கேட்டாள். “ஏன் சித்தப்பா பொய் சொன்னீங்க?”

“நாளைக்கும் இங்கதானம்மா நான் படுக்கணும்.”

சில மாதங்களில் அப்பா மாரடைப்பில் போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் சொல்வது போலவே கையை ஆட்டி அந்தக் கதையைச் சொன்னார்கள். அழுது வீங்கிய முகங்கள் சிரித்தன. மகள் எழுந்தாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இப்பவாவது சொல்றேன் சித்தப்பா.”

“நீ சொன்னா, பாவம் பாத்து புள்ள பேசுதும்பாங்க. அவர் சொல்லியிருக்கணும். அது அவர் எனக்குத் தர வேண்டியது, உன்னது இல்ல.”

நாற்காலிகளில் யாரோ, “விழுந்ததுல வண்டிக்கு என்னாச்சு?” என்று கேட்டார்கள்.