விலகிய தேதி

வளையல் இரண்டையும் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் கஞ்சியக்கா பேனாவைத் தொடுவார். அதற்கு முன் கை கழுவியாக வேண்டும். அதற்கும் முன், அவருடைய சலவைக் கடையில் நாளெல்லாம் படுக்கை விரிப்பும் சட்டையும் மடிபடுகிற அந்த நீள மேஜையை ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தாக வேண்டும். மேஜைப் பக்கம் யாரும் டீ டம்ளரோடு வரக் கூடாது. கட்டிய கணவரே ஆனாலும் வாசலில் நின்று குடித்துவிட்டு வர வேண்டியதுதான்.

"பேப்பர்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, உங்களையே தொவைச்சுக் காயப் போட்டுடுவேன்" என்பார். கணவர் டம்ளரோடு இன்னும் இரண்டடி பின்னால் போவார்.

ஊழியர்களின் ஆண்டுச் சம்பளப் படிவம் தயாராகிற வாரம் அது. யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தோம், அதில் எவ்வளவு வரி பிடித்தோம் என்று ஆளுக்கொரு படிவம் எழுதி, ஒன்றை வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்; அதன் நகலை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் இதை ஒரு கணக்காளர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அக்காவுக்கு அது ஆகாது. "என் ஆளுங்க உழைச்ச உழைப்பை எவனோ ஒருத்தன் எழுதுவானா? எழுதினா நான்தான் எழுதணும்" என்பார்.

எழுதுவது அவர். அதைக் கணினியில் ஏற்றி அனுப்புவது நான். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் தெரியாத்தனமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்; அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் என் நாற்காலி எனக்குச் சொந்தமில்லை. அக்கா அதில் உட்கார்ந்துகொண்டு, நான் நின்றபடி தட்டுகிற ஒவ்வொரு எண்ணையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

கஞ்சியக்கா என்பது தெரு வைத்த பெயர். துணிக்குப் போடுகிற கஞ்சியால் வந்ததா, ஆளே கஞ்சி போட்டு நிறுத்தியதுபோல் விறைப்பாக இருப்பதால் வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாம் கட்சி. இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

எழுத உட்காரும் முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வாடிக்கையாளருக்கென்று போட்டிருக்கிற குஷன் நாற்காலியில் உட்கார வைப்பார். மற்ற நாளில் அதில் யாராவது ஊழியர் உட்கார்ந்தால் தொலைந்தார். அன்றைக்கு மட்டும் ராஜ மரியாதை. அடையாள அட்டையில் இருக்கிற முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வருஷமெல்லாம் "ஏய் தடியா" என்று அழைக்கப்படுகிற துவைக்கிற ஆள், தன் பெயரைக் கேட்டு யாரோ என்று பின்னால் திரும்பிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். வண்டியில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிற அக்காவின் கணவரும் சம்பளப் பட்டியலில் இருப்பவர்தான். அவரும் வரிசையில் நிற்க வேண்டும்.

"வீட்டு விலாசம் மாறியிருக்கா?" என்று அவரிடமும் கேட்பார்.

"உனக்குத் தெரியாமலா?"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க, டிரைவர்."

விலாசம் மாறியதா, கல்யாணம் ஆனதா, குழந்தை பிறந்ததா: வரிச் சலுகைக்காகப் படிவம் கேட்கிற கேள்விகள்தான். ஆனால் அக்கா கேட்கும்போது ஒளிக்க முடியாது. பொட்டலம் கட்டுகிற பெண் போன வருஷம் குனிந்த தலை நிமிராமல், "கல்யாணம் ஆயிடுச்சுன்னு போட்டுக்கங்கக்கா" என்று சொன்னபோதுதான், அவள் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட சேதி கடைக்கே தெரிந்தது. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் அவளைத் திட்டினார். அப்புறம் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று விசாரித்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

படிவம் தயாரானதும் அதைச் சும்மா நீட்டிவிட மாட்டார். தேய்த்த சட்டைக்குப் போடுகிற கண்ணாடித் தாள் உறையில் போட்டு, கிளிப் மாட்டி, துணிகள் தொங்குகிற கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார். ஆளுக்கொரு டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் படிவம். போன வருஷம் டோக்கனைத் தொலைத்துவிட்ட கணவர், வண்டியின் இருக்கையையே கழற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

அதே கம்பியின் கடைசியில் எடுக்காத துணிகள் தொங்கும். போட்டவர்கள் மறந்துவிட்டவை, ஊரை விட்டே போய்விட்டவர்களுடையவை. துணி போட்டதற்குக் கொடுக்கிற சீட்டில் அச்சடித்த விதிப்படி அவற்றை எப்போதோ கழித்துக்கட்டியிருக்கலாம். "வருவாங்க. வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?" என்று அவற்றையும் தூசி தட்டி, மறுபடி தேய்க்கச் சொல்லி மாட்டி வைப்பார். தேய்க்கிறவர்தான் முணுமுணுப்பார்.

அந்தத் தேய்க்கிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவுக்கு அவர் பெட்டிக்காரர். கடை திறந்த நாளிலிருந்து அங்கே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர் அவர்தான். அக்கா அவரை அண்ணே என்பார்; அவர் அக்காவைத் தங்கச்சி என்பார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் சண்டை போடுவதைப் பார்த்தால் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு வாடிக்கையாளர் தன் கறுப்புக் கோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். முதுகில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு. சூட்டில் துணி செத்துவிட்டதாம். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், நானும்தான். அக்கா சட்டென்று திரும்பி, "கண்ணை எங்க வச்சுக்கிட்டு தேய்க்கிறீங்க?" என்று பெட்டிக்காரரைக் கேட்டார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே நின்றார். ஆறியதும் வயரை அதன்மேல் இறுக்கிச் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு வரவில்லை.

அக்காவுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. தப்பு தன்மேல் என்று தெரிந்தால், அந்த ஆளுடைய துணியை வாங்கி இலவசமாக வெளுத்துக் கொடுப்பார். அவருடைய கணவரின் சட்டைக் காலரைப் பார்த்தே முந்தின நாள் வீட்டில் யார் பக்கம் தப்பு என்று சொல்லிவிடுவேன். பெட்டிக்காரர் விஷயத்தில் இந்த வழியும் அடைத்துப்போனது. அவர் துணி போட வரவில்லையே.

வேறு ஆள் வந்தார், நல்ல வேலைக்காரர்தான். ஆனால் பெட்டிக்காரரின் பெட்டியை அவர் தொடக் கூடாது என்று உத்தரவு. சரியாகச் சூடேறாத இன்னொரு பெட்டியோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்ல பெட்டி, சுற்றிய வயரோடு அலமாரியிலேயே இருந்தது.

இந்த வருஷம் படிவ வாரம் வந்தது. மற்ற எல்லோருடையதும் மளமளவென்று போய்ச் சேர்ந்தது. பெட்டிக்காரருடையதை ஏற்றினேன், திரையில் சிவப்பு எழுத்து. இத்தனை மாதமாக இவருக்குச் சம்பளமே இல்லை, வேலையை விட்டு விலகிய தேதியும் இல்லை, சரிபார்க்கவும் என்றது.

"தேதி சொல்லுங்கக்கா."

"அவர் லீவுல இருக்காரு" என்றார் அக்கா.

"இத்தனை மாசமாவா?"

"சம்பளமில்லாத லீவு. உங்க மெஷினுக்கு அது தெரியாதா?"

மெஷினுக்குத் தெரியவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெடு தாண்டினால் அபராதம் வரும் என்றேன். வந்தால் கட்டிக்கொள்கிறேன் என்றார். தலைகீழாக நின்றாலும் அந்தக் கட்டத்தில் பேனா வைக்க மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் என் நாற்காலியிலிருந்து எழுந்துபோகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் வற்புறுத்த மனசு வரவில்லை. படிவத்தின் பாதி நிரம்பிய நகலை உறையில் போட்டு, எடுக்காத துணிகளுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் பெட்டிக்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலையாம்.

"தம்பி, அங்க என்னை ரெண்டு எடத்துல வேலை பாக்கறவன்னு வச்சு கூடுதலா வரி பிடிக்கறாங்க. கேட்டா, பழைய எடத்துல நான் இன்னும் இருக்கறதா கம்ப்யூட்டர்ல இருக்காம். வாடகை கட்டவே ததிங்கிணத்தோம் போட வேண்டியிருக்கு. நீங்களும் கூட வாங்க. தனியா போனா ரெண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டோம்."

போனேன். அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளியம்மா, என் பேப்பர் வேணும்."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா நிமிரவில்லை. "லீவு முடிஞ்சுதா?" என்றார்.

"நான் லீவுல போகல. வேற எடத்துல வேலை பாக்கறேன். நீங்க தேதி போடாததால அங்க என் சம்பளத்துல பாதி வரியாப் போகுது."

விரிப்பு அக்கா கையிலேயே நின்றது. "பாதியா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இந்த மனுஷி தன் ஆட்கள் உழைத்ததில் ஒரு எண் பிசகினாலும் துடித்துப்போகிறவர். தான் விட்ட ஒற்றைக் காலிக் கட்டம் மாதாமாதம் அந்த மனிதரின் கையைக் கடித்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மேஜையைத் துடைத்தார். கை கழுவினார். வளையல்களைக் கழற்றி ஓரத்தில் வைத்தார். கம்பியிலிருந்து உறையை எடுத்துப் பிரித்து உட்கார்ந்தார். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"அண்ணே, அந்தக் கோட்டு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "வாங்கி வைக்கும்போதே பாத்தேன். சீட்டுல குறிக்காம விட்டது நான். தப்பு என்னுது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன்.

"தெரியும்" என்றார் பெட்டிக்காரர்.

"தெரியுமா?"

"துணியைத் தொட்டா பழசு எது, புதுசு எதுன்னு தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"கண்டவன் முன்னாடி உன்னை எப்படிம்மா விட்டுக் கொடுக்கறது?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோப்புத்தூள் நெடி ஏறியதுபோல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் தொங்கிய விலைப்பட்டியலை முதல்முறை பார்ப்பவன்போல் படித்துக்கொண்டிருந்தேன்.

"இங்கயே வந்துடுங்களேன்" என்றார் அக்கா, படிவத்தைப் பார்த்தபடி.

"அங்க ஒத்துக்கிட்டாச்சு. பாதியில விட்டுட்டு வர்ற ஆளா நான்?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "இங்க விட்டுட்டுப் போனது ஒண்ணு போதும். தேதியைப் போடு தங்கச்சி" என்றார்.

அக்கா போட்டார். நாளைக் கேட்கவில்லை, அவருக்கு மனப்பாடம். நான் அதை வாங்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி, ஏற்றி அனுப்பினேன். சிவப்பு எழுத்து போய்விட்டது. அச்செடுத்த நகலோடு திரும்பி வந்தால், இருவரும் புது ஆஸ்பத்திரி சோப்பு எவ்வளவு மட்டம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நகலை உறையில் போட்டு, கிளிப் மாட்டி, கம்பியில் தொங்கவிட்டார் அக்கா. பிறகு ஒரு டோக்கனை எடுத்து நீட்டினார். பெட்டிக்காரர் அதை வாங்கி, அப்படியே திருப்பி நீட்டினார். அக்கா சரிபார்த்துவிட்டுப் படிவத்தை இறக்கிக் கொடுத்தார்.

"டோக்கன் இல்லாம குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க" என்று என்னிடம் சொன்னார், நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல்.

"போயிட்டு வரேன் தங்கச்சி."

"வாங்கண்ணே. வீட்டுத் துணியெல்லாம் இங்க கொண்டாந்து போடணும். வேற எங்கயும் போடக் கூடாது."

அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றார். நானும் கிளம்பலாம் என்று திரும்பினேன். வளையல் இரண்டும் மேஜை ஓரத்தில் அப்படியே கிடந்தன. எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் அலமாரிக்குப் போய் அந்த இஸ்திரிப் பெட்டியை இறக்கிவிட்டார். இறுகிப் போயிருந்த வயரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். நெளிவுகளை வெறும் கையால் நீவி நீவி நேராக்கினார். பிறகு பெட்டியைப் புது ஆளின் மேஜையில் கொண்டுபோய் வைத்து, பிளக்கைத் தானே சொருகினார்.