தூக்கிப் போட்ட செல்கள்

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் தோல் உண்டு. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. உப்பு அவற்றின் வழியாகப் போய்வரும்போது துளி மின்சாரமும் கூடவே ஓடும். அந்தத் துளியை அளப்பதுதான் ஒட்டுக்காரருக்குப் பிழைப்பு. இதயம் ஒழுங்காக அடிப்பதே இந்தக் கதவுகளின் தயவில்தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார். "கதவு வேலைன்னா தச்சனைக் கூப்பிட வேண்டியதுதானே, உன்னை எதுக்குடா வெச்சிருக்காங்க?" என்று அவருடைய அண்ணன் கேலி பண்ணுவார். அந்த அண்ணன் போன வருஷம் படிக்கட்டு ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை. ஒரு நோய் நொடி கிடையாது, தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை.

ஒட்டுக்காரர் என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர். கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்து, தலைமுடியைவிடச் சன்னமாக முனையெடுத்து, மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே செல்லின் தோல்மேல் வைக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் ஒரு டியூப். அதை வாயில் வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். அந்த உறிஞ்சலில்தான் இருக்கிறது சூட்சுமம். கூடினால் தோல் கிழியும், குறைந்தால் ஒட்டாது. சரியாக ஒட்டிவிட்டால் திரையில் பேயாட்டம் ஆடிய கோடு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல அடங்கிப் படுக்கும்.

"செல்லுகிட்ட ஒட்டுக் கேக்குற ஆளு" என்பாள் பக்கத்து அறையில் செல் வளர்க்கிறவள். அவளும் இவரும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பவர்கள்.

எல்லாச் செல்லும் ஒட்டாது. ஒட்டினாலும் சிலது ஓரத்தில் ஒழுகும். சிலது பார்வைக்கே நோஞ்சானாக இருக்கும். அதையெல்லாம் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எதைக் கழிப்பது, எதை வைப்பது என்று முடிவு பண்ணுவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். மேலதிகாரியான மேடம்கூட அதில் தலையிடுவதில்லை. கைப்பழக்கத்தை நம்பி ஓடுகிற தொழில்.

அண்ணன் போன பிறகு அவர் மகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கதவின் அமைப்பில் சின்ன மாற்றம் தெரிந்தது. மாற்றம் என்றாலே கோளாறு இல்லை, ஆளுக்கு ஆள் மூக்கு மாறுகிற மாதிரியும் இருக்கலாம் என்றார் இதய டாக்டர். அளந்து பார்த்தால்தான் தெரியும். கதவு சரியாக இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும், தண்ணீர்ப் பக்கமே அவள் போகக் கூடாது. அந்தப் பெண்ணுக்கோ நீச்சல் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. அது ஒன்றுதான் தெரியும், அது ஒன்றுதான் பிடிக்கும்.

அளக்க வந்த இடம் ஒட்டுக்காரரின் கூடம். அதே மாற்றத்தை வளர்ப்புச் செல்களில் செய்து, ஒப்பிட்டுப் பார்க்க மாற்றமில்லாத சாதாரணச் செல் ஒரு தட்டும் சேர்த்து அவர் மேசைக்கு அனுப்பினார்கள். தட்டில் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து அண்ணி போனில் சொன்ன எண் அவருக்கு மனப்பாடம். சொந்தக்காரப் பிள்ளை என்று மேடத்திடம் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை வேறு கைக்குப் போகும். வேறு கையை அவர் நம்பவில்லை.

அளந்தார். சாதாரணச் செல் எப்படியோ, அண்ணன் மகளுடைய செல்லும் அப்படியேதான் இருந்தது. அன்று சாயங்காலமே அண்ணி வீட்டு வாசலில் நின்றார்.

"பயப்படாதீங்க அண்ணி. நல்லாத்தான் இருக்கு."

"என் வயித்துல பாலை வார்த்தீங்க தம்பி," என்று அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கருவி வைக்கக் குறித்திருந்த நாளை மறுநாளே ரத்து பண்ணச் சொல்லிவிட்டாள்.

ஆனால் கூடத்தில் ஒரு வழக்கம். ஆஸ்பத்திரிக்கு முடிவு அனுப்பும் முன்னால் இன்னொரு தடவை மூடிவைத்துப் பார்க்க வேண்டும். தட்டில் உள்ள எண்ணின்மேல் டேப் ஒட்டி, சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி மட்டும் வைத்துக் கொடுப்பாள் செல் வளர்க்கிறவள். எது எதென்று அளக்கிறவருக்குத் தெரியாது.

சிவப்புத் தட்டில் முதல் செல்லே சோப்ளாங்கியாக இருந்தது, நன்றாக ஒட்டியும் மின்சாரம் குறைவாகத்தான் ஓடியது. அடுத்ததும் அப்படியே. அண்ணன் மகளுடையதுதான் நன்றாக இருக்கிறதே, இது சாதாரணத் தட்டுதான், செல் வாடிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"செவப்பு கெட்டுப்போச்சு போல. ஒழுங்கா தீனி போட்டியா?"

"நான் வளர்த்த புள்ளைங்கள குறை சொல்லாதீங்க. ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுதான். உங்க வாயிலதான் காத்து போயிருக்கும்."

கழித்துவிடலாம் என்று கை போயிற்று. இது நம் பிள்ளையுடையதாக இருந்தால் கழிப்பது அவளுக்கு நல்லது, சாதாரணத் தட்டாக இருந்தால் கழிப்பது கெட்டது, ஒப்பிடும்போது அவளுடையது நோஞ்சானாகத் தெரியும். எது என்று தெரியவில்லையே. கை அந்தரத்தில் நின்றது. போன தடவை அந்தக் கை ஏன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நன்றாக ஒட்டியிருந்ததைக்கூட, மின்சாரம் குறைந்தால் 'நோஞ்சான்' என்று தள்ளியிருக்கிறார். திடமாக ஓடினதை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார். ஒரு பொய்கூட எழுதவில்லை. ஆனால் மொத்தமும் பொய்.

இந்தத் தடவை ஒட்டியது எதையும் கழிக்கவில்லை. நீலம் திடமாக ஓடியது, சிவப்பு கடைசிவரை நோஞ்சான்தான். மேடம் வந்து டேப்பை உரித்தார். சிவப்புதான் அண்ணன் மகள்.

"முன்னாடி வேற மாதிரி குடுத்தீங்களே?" என்றார் மேடம்.

"அது என் அண்ணன் பொண்ணு மேடம்."

மேடம் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா உங்கள இந்த நாற்காலியில உக்கார விட்டிருக்க மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இதய டாக்டருக்குப் போன் பண்ணப் போனார்.

ஒட்டுக்காரர் நேராக நீச்சல் குளத்துக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள் அண்ணன் மகள்.

"என்ன சித்தப்பா, அதிசயமா இருக்கு? குளிக்க வந்தீங்களா?"

"மேல வாம்மா."

"இதுங்கள முடிச்சிட்டு வரேன்."

"வேற யாராவது பாத்துக்கட்டும். நீ இப்பவே வா."

அவர் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைப் படியில் உட்கார வைத்துவிட்டு ஏறி வந்தாள்.

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"மிஷின் கோளாறா?"

"மிஷின் ஒழுங்காத்தான் இருந்துச்சு. எனக்குப் பிடிச்சதை மட்டும் எடுத்து வெச்சிட்டேன்."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துடைக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மாகிட்ட நானும் வரேன். நீங்க தனியா போனா நம்ப மாட்டாங்க," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

அண்ணி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். ஈரத் தலையோடு பக்கத்தில் நின்ற மகளை ஒரு தடவை பார்த்தாள்.

"அன்னைக்கும் நீங்கதான் வந்து சொன்னீங்க தம்பி. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. இதை மட்டும் எப்படி நம்புறது?"

"இந்தத் தடவை எது நம்ம புள்ளையோடதுன்னு எனக்குத் தெரியாது அண்ணி," என்றார் ஒட்டுக்காரர்.

அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லி மகளிடம் கையைக் காட்டினாள். அவரை உட்காரச் சொல்லவில்லை.