பழைய சட்டை கேட்ட பாப்பம்மா

கண்டியிலிருந்து குண்டசாலைக்கு வரும் பஸ்ஸில் ஒரு மழை நாள். எல்லாரும் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டார்கள். ஈரக் குடையும் வேர்வையுமாக உள்ளே ஒரே புழுக்கம். கலாராணியின் மடியிலிருந்த மகள் டிலக்சிக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரிச் சத்தம். வாயில் ஆஸ்துமா பம்ப் அடித்தும் பிள்ளை காற்றுக்குத் தவித்தது. முன் சீட்டில் முகத்தைத் துணியால் கட்டியிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி திறந்து, சாரல் பின்னால் போகாதபடி தோளைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். காற்று மட்டும் பிள்ளைக்கு வந்தது. இறங்கும்போது அவளுடைய ஒரு பக்கச் சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அதுதான் பாப்பம்மா. அப்போது கலாராணிக்குத் தெரியாது. அந்தப் பெண் இறங்கிப் போனதும் கலாராணி செய்த முதல் வேலை, பிள்ளையின் கழுத்துச் சங்கிலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததுதான். கலாராணியின் சுபாவம் அப்படி. கோவில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள்.

கொஞ்ச நாளில் அவர்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் இரண்டு வீட்டில் கள்ளன் புகுந்தான். கலாராணியின் புருஷன் சதீஸுக்கு ஹோட்டலில் இரவு வேலை. தாயும் பிள்ளையும் தனியாக இருக்கிற வீடு. நாய் ஒன்று வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். கலாராணி சம்மதிக்கவில்லை. கள்ளன் வந்தால் பொருள் போகும். நாய் வந்து பிள்ளைக்கு இழுப்பு கூடினால் என்ன போகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயம்.

கிளினிக் டாக்டரிடம் கேட்டார்கள். எந்த நாய் சேரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எடுத்தே ஆகவேண்டுமென்றால், எடுக்கப்போகிற அதே நாயோடு முதலில் வெளியில் வைத்துப் பழக்கிப் பாருங்கள், பம்ப் கையில் இருக்கட்டும் என்றார்.

பிலிமத்தலாவையில் நாய்க்குட்டி விற்கிற ஒருவன் வேறு மாதிரிச் சொன்னான். "மிஸ், இது மயிரு கொட்டாத சாதி. ஆஸ்துமாக்காரங்களுக்குன்னே வெளிநாட்டுல வளக்கிறது. கேரண்டி."

கலாராணி குட்டியைப் பார்க்கவில்லை, அவன் கால்சட்டையைப் பார்த்தாள். "அப்ப உங்க கறுப்புக் களுசான்ல வெள்ளையா ஒட்டியிருக்கிறது யாரோட மயிரு?"

வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மறுவாரம் காலையில் கேட்டருகே ஒருத்தி வந்து நின்றாள். பிரதேச சபையில் வீதி கூட்டுகிறவள். துணி கட்டிய முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணை எங்கோ பார்த்த ஞாபகம் கலாராணிக்கு.

"நாய் தேடுறீங்களாமே புள்ள. எங்கிட்ட ஒன்னு இருக்கு. பாப்பா போட்டுக் கழட்டின பழைய சட்டை ஒன்னு குடுங்க. துவைக்காததா."

கலாராணி ஒரு எட்டுப் பின்னால் போனாள். பிள்ளை உடுத்திக் கழற்றிய துணியை எதற்குக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா. சூனியம் செய்கிறவனுக்கு அது போதுமே. "சட்டையும் இல்ல, ஒன்னும் இல்ல. போங்க அக்கா" என்று கேட்டைச் சாத்தினாள். பின்னேரமே முருகன் கோவிலுக்குப் போய் மந்திரித்த நூல் வாங்கிப் பிள்ளையின் கையில் கட்டினாள்.

அடுத்த வாரம் கேட் கம்பியில் ஒரு பொட்டலம் தொங்கியது. டிலக்சியின் பச்சைச் சட்டை. சுருட்டிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மடிப்பெல்லாம் செம்பட்டை மயிர். கலாராணி கையால் தொடவில்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே தடியால் தூக்கி ஒழுங்கையில் போட்டு, சூனியம் கழிக்க வெட்டும் தேசிக்காயும் கற்பூரமும் எடுத்து வந்தாள். நெருப்புக் குச்சியை உரசும்போது பாப்பம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"எரிக்காதீங்க புள்ள. நல்ல சட்டை."

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? எம்புள்ளைக்கு என்னா செஞ்சீங்க?"

பின்னாலிருந்து டிலக்சி மெதுவாகச் சொன்னாள். "நாந்தாம்மா வேலியால குடுத்தேன். பஸ்ல ஜன்னல் தொறந்தாங்களே, அந்த ஆன்ட்டிதானேம்மா."

கலாராணியின் கையில் குச்சி அணைந்தது.

"எங்க நாய் செவலை இதுமேல ஒரு வாரமாப் படுத்துச்சு" என்றாள் பாப்பம்மா. "பாப்பா வாசம் அதுக்குப் பழகணும். அதோட வாசம் பாப்பாவுக்குச் சேருதான்னு நமக்குத் தெரியணும். நாயைக் கூட்டியாந்து, இழுப்பு வந்து, பெறகு வெரட்டினா ரெண்டு உசுருக்கும் பாவம். பாப்பா கையில குடுக்காம கேட்ல வச்சதே நீங்க பாத்து எடுக்கணும்னுதான்."

"உங்களுக்கு ஏன் அக்கா இந்த அக்கறை?"

பாப்பம்மா முகத்துத் துணியை அவிழ்த்தாள். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். டிலக்சியிடம் இருக்கிற அதே நீலப் பம்ப்.

"எனக்கும் இருக்கு புள்ள. தூசிக்குத்தான் மூஞ்சக் கட்டுறது. நீங்க என்னயக் கள்ளின்னு நெனச்சீங்களாக்கும்."

அன்று பஸ்ஸில் சங்கிலியைத் தடவியபோது கலாராணி நினைத்ததே அதுதானே.

"பக்கத்து லயத்து வீட்டுல கருப்பன்னு ஒரு நாய். அதுகிட்டப் போனாலே எனக்கு மூச்சு அடைக்கும். செவலை ஒன்னும் செய்யல. ஆனா எனக்குச் சேந்தது பாப்பாவுக்கும் சேரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

சட்டை எரியவில்லை. முதலில் வெளிக்கொடியில் தொங்கியது, பிறகு விறாந்தையில் டிலக்சி உட்காரும் கதிரைக்கு வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு ஞாயிறுகளில் வரிசை வீடுகளான லயத்தில், பாப்பம்மாவின் முற்றத்துக்குப் போனார்கள். கலாராணி பம்பைக் கையில் பிடித்தபடியே நிற்பாள். செவலையின் காதைப் பிரித்துப் பார்ப்பாள், பல்லைப் பார்ப்பாள், தேங்காய்த் துண்டு போட்டுத் தின்கிறதா என்று பார்ப்பாள். இவ்வளவு நல்ல நாயை ஒருத்தி சும்மா தருவாளா? அதுவும் தன் மூச்சுக்குச் சேர்ந்த நாயை. என்னமோ இருக்கிறது என்று மனம் அரித்தது.

இருந்தது. பாப்பம்மா வேலையை விட்டுவிட்டு வத்தளையில் மகனோடு இருக்கப் போகிறாள் என்று சதீஸ் கேள்விப்பட்டு வந்தான். மகன் இருப்பது அடுக்குமாடி வீடு. நாய்க்கு இடமில்லை.

கலாராணி நேரே போய்க் கேட்டாள். "எங்க தலையில கட்டிட்டுப் போகத்தானா அக்கா இவ்வளவும்?"

"ஆமா, தலையில கட்டத்தான்" என்று பாப்பம்மா சிரித்தாள். "திருப்பித் தெருவுல விடாத வீடாத் தேடினேன். தேசிக்காய் வெட்டாம ஒரு சட்டையக்கூட வீட்டுக்குள்ள எடுக்காத ஆளு நீங்க. நீங்க எதையாவது ஏத்துக்கிட்டா, அது யோசிச்சு ஏத்துக்கிட்டதாத்தான் இருக்கும்."

கலாராணிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. செவலையின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பாப்பம்மா புறப்பட்ட அன்று கலாராணியும் சதீஸும் டிலக்சியும் பஸ் தரிப்புக்குப் போனார்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு வரும்படி அவளேதான் சொல்லியிருந்தாள். கலாராணி ஒரு பார்சல் சோறு கொடுத்தாள். பாப்பம்மா அதை வேண்டுமென்றே முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டினாள்.

"படுக்கிற அறைக்குள்ள மட்டும் விட்டுறாதீங்க புள்ள. நானும் ஒரு நாளும் விட்டதில்ல. கதவுகிட்ட வந்து அழும். பரவால்ல, அழுதுட்டு அங்கேயே தூங்கிரும்."