நாலு மணிப் பூசையும் மகளின் போலிஷும்

கூட்டத்துக்கு வந்தவர்கள் இவர்கள்.

பங்குப் பாதர். ஐரிஷ்காரர். வயது போனவர். ஒரு காது கேட்காது.

தமிழ்ச் சபைத் தலைவர். லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடை, டூட்டிங்கில் ஒரு கடை.

சபைச் செயலாளர். தலைவர் சிரித்தால் சிரிப்பவர்.

போலந்துச் சனத்தின் புதுப் பாதர். வந்து நாலு மாதம். இங்கிலீஷ் அவ்வளவு வராது.

போலந்துக்காரி ஒருவர். பீடத்துக்குப் பூ வைப்பவர். அறுபது தாண்டியவர்.

என் மகள். பல்கலைக்கழகத்தில் போலிஷ் மொழியும் செக் மொழியும் படிப்பவள். கடைசி வருடம்.

நான். கதிரை போட வந்தவன்.

விஷயம் இதுதான். ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசை. அதே நேரத்தைப் போலந்துச் சனமும் கேட்டது. அவர்களுடைய பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கான வகுப்பைப் பூசையோடு சேர்த்து வைக்க வேண்டுமாம். கோயில் ஒன்று. நாலு மணியும் ஒன்று.

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஞாயிறும் வேலை. முதியோர் இல்லம், பெற்றோல் நிலையம், சுப்பர்மார்க்கெட். நான் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் தொழிற்சாலை. காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை ஷிப்ட். நாலு மணிப் பூசை போனால் எனக்குப் பூசையே இல்லை. தலைவருக்கு அந்தக் கவலை கிடையாது. கடையில் நிற்பது வேறு ஆட்கள்.

முதலில் இங்கிலீஷில் ஒரு கூட்டம் வைத்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் தாங்களே வென்றதாக நினைத்தது. அதற்குப் பிறகுதான் தலைவருக்கு என் மகளின் ஞாபகம் வந்தது.

அதுவரை அவருக்கு என் மகள் ஒரு பகிடி. அவள் படிக்கச் சேர்ந்த செய்தி கேட்டதும், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"போலிஷோ? சப்பாத்துக்குப் பூசுறதுக்கும் இப்ப டிகிரி குடுக்கிறாங்களோ?"

இதையே மூன்று வருடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் தானே முதலில் சிரித்தார். வேறு பகிடி அவரிடம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

செயலாளர் பகிடி விடமாட்டார். அக்கறைப்படுவார். அது இன்னும் மோசம்.

"உதால என்ன வேலை கிடைக்கும் தம்பி?"

"தெரியாது அண்ணை."

"நீர் கேக்கேல்லையோ?"

"இல்லை."

வேலையைப் பற்றித்தான் கேட்கவில்லை. ஏன் இது என்று ஒருமுறை கேட்டேன். "பிடிச்சிருக்கு அப்பா" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மன்னாரில் மீன், லண்டனில் துணி. இரண்டில் எதையும் பிடித்துச் செய்யவில்லை.

அவளுடைய வகுப்பில் ஆறு பேர். சாப்பாட்டு மேசையில் அவளுடைய புத்தகங்கள் கிடக்கும். எழுத்துகளுக்கு மேலே கொம்பு, கீழே வால். ஒரே வசனத்தை இருபது தரம் சொல்லுவாள். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் நின்றபடி சாப்பிடுவேன்.

மூன்றாம் வருடம் அங்கேயே போய் இருந்து படிக்க வேண்டும் என்றார்கள். குளிர்காலம் போலந்தில், பிறகு செக்கில். நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் போனில் சொன்னாள்.

"அப்பா, ரெண்டு நாளாக் குளிக்கேல்லை. வீட்டுக்காரர் குளிக்கிற தொட்டிக்குள்ள மீனை உயிரோட விட்டிருக்கினம். நாளைக்குத்தான் வெட்டுவினமாம்."

"என்ன மீன்?"

"கெண்டை."

"சீ. சேத்து மீன்."

"அப்பா, இஞ்ச கடலே கிட்ட இல்லை!"

கடல் இல்லாத இடத்தில் இருக்கும் சனத்தை அன்றைக்குத்தான் கொஞ்சம் மன்னித்தேன்.

செக் நாடு எனக்கும் தெரியும். இங்கே வரும் வழியில் பதினொரு நாள் இருந்தேன். காசு வாங்கிக்கொண்டு களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒரு களஞ்சியத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். எந்த ஊர் என்று மகள் கேட்டாள். கதவு திறந்தால்தானே ஊர் தெரியும்.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் முன்னதாகத் தலைவர் எங்களைப் பூசை முடிந்த கையோடு மறித்தார். மகளின் தோளில் தட்டினார்.

"பிள்ளை, நீர் சும்மா ஒரு பக்கமா இரும். உமக்கு அவையின்ர பாஷை விளங்குமெண்டு காட்டிக்கொள்ளாதையும். அவையள் தங்களுக்குள்ள என்ன குசுகுசுக்கினம் எண்டு மட்டும் பிறகு எங்களுக்குச் சொல்லும்."

மகள் சிரிக்கவில்லை.

"நான் ஒளிச்சிருந்து கேக்கமாட்டன் அங்கிள். பூ வைக்கிற அந்த அன்ரிக்கு என்னைத் தெரியும், என்னோட போலிஷில கதைக்கிறவ. வேணுமெண்டா நடுவில இருந்து ரெண்டு பக்கமும் சொல்லுறன். ஆனா ஆர் வாய் திறந்தாலும், என்ன சொன்னாலும், அப்படியே சொல்லுவன். எங்களுக்கு அப்படித்தான் படிப்பிச்சது."

"ஓம் ஓம், உம்மட விருப்பம்" என்றார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் தொடங்கும்போது மகள் அதே விதியை மூன்று மொழியிலும் சொன்னாள். பங்குப் பாதர் தலையாட்டினார். பூக்காரி தலையாட்டினார். தலைவர் தலையாட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. ஆட்டியிருப்பார். அவர் எதற்கும் ஆட்டுவார்.

கொஞ்ச நேரத்தில் போலந்துப் பாதர் பூக்காரியின் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். மகள் உடனே தமிழில் சொன்னாள்.

"'இவையள் ஒருநாளும் நேரத்துக்கு முடிக்கிறேல்லை. முடிச்சாலும் வீட்ட போறேல்லை' எண்டு பாதர் அன்ரிக்குச் சொல்லுறார்."

பிறகு அதையே இங்கிலீஷில். போலந்துப் பாதரின் முகம் சிவந்தது. தலைவர் தொடையில் தட்டினார்.

"பாத்தீரே! பிள்ளை பிடிச்சிட்டாள்!"

செயலாளரும் தட்டினார். போலந்துப் பாதர் அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை. ஒருமுறையில் அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் தலைவருக்கு விளங்கவில்லை. லண்டனில் முப்பது வருடம், பஸ்ஸிலும் கடையிலும் பக்கத்தில் நிற்பவனைத் தமிழில் திட்டிப் பழகியவர். தமிழில் சொன்னால் அது மனதுக்குள் சொன்ன மாதிரி என்பது அவருடைய எண்ணம்.

பூக்காரி நேராகப் பேசினார். மகள் சொன்னாள்.

"நாங்கள் அஞ்சரைக்கு வைக்கிறம். நாலு மணியை நீங்களே வைச்சிருங்கோ. ஆனா அஞ்சுக்கு முடிக்கவேணும். உங்கட ஆக்கள் ரெண்டு பேர் நிண்டு கோயில் ஹோலைக் கூட்டித் தரவேணும்."

அவ்வளவுதான். நாங்கள் வென்றுவிட்டோம். ஓம் என்ற ஒரு சொல் போதும். கூட்டுமாறு நானே பிடித்திருப்பேன்.

தலைவர் செயலாளரின் காதுப்பக்கம் சாய்ந்தார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

"கக்கூஸ் கழுவ வந்ததுகள். எங்களுக்குக் கூட்டச் சொல்ல வெளிக்கிட்டிட்டுதுகள்."

இந்த நாட்டுக்கு வந்து நான் ஒன்பது வருடம் கழுவியது அதைத்தான். அது அவருக்குத் தெரியும். நான் அவருக்கு மூன்று அடி தள்ளி நின்றேன்.

மகள் போலிஷில் சொன்னாள். எப்படிப் பேசிக்கொண்டிருந்தாளோ அதே குரல். பிறகு இங்கிலீஷில். ஐரிஷ் பாதர் கேட்கும் காதைத் திருப்பி இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

பூக்காரி தலைவரைப் பார்த்துப் பேசினார். மகள் தமிழில்:

"ஓம், கழுவினனான். இருபத்திரண்டு வருசம். இந்தக் கோயில் கக்கூஸையும் ஒவ்வொரு திங்களும் நான்தான் சும்மா கழுவுறன். ஞாயிறு பின்னேரம் நீங்கள் விட்டிட்டுப் போறதை."

எழுந்து கோட்டைப் போட்டார். போலந்துப் பாதரும் எழுந்தார். பங்குப் பாதர் பேனையை மூடினார்.

"பிள்ளை, உதையேன் சொன்னனீர்?" என்றார் தலைவர்.

"நீங்கள் சொன்னனீங்கள் அங்கிள்."

அடுத்த வாரம் பங்குப் பாதரின் கடிதம் வந்தது. நாலு மணி போலந்துக்கு. தமிழ்ப் பூசை இனிக் காலை எட்டு மணிக்கு.

அன்று பின்னேரம் தலைவரும் செயலாளரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பதினாலு வருடமாக இருக்கும் வீடு. முதல் தடவை வந்தார்கள். கையில் ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ். சொந்தக் கடையில் விற்காமல் கிடந்ததாயிருக்கும். மகள் மேசையில் செக் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலைவர் புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் பெட்டியை வைத்தார்.

"ஒரு சின்ன அலுவல் பிள்ளை. பாதரிட்டையும் அந்த மனுசியிட்டையும் போய், பிழையா விளங்கிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லும். நீர் படிக்கிற பிள்ளைதானே. பிழைவிட்டா ஆர் என்ன சொல்லப்போகினம்?"

"நான் பிழையாச் சொல்லேல்லை."

"தெரியும். நல்லாச் சொன்னனீர். ஆனா பிழையெண்டு சொல்லும்."

"ஏலாது அங்கிள்."

"இருநூறு சனத்தின்ர பூசை பிள்ளை."

"அப்ப நீங்கள் போய் மன்னிப்புக் கேளுங்கோவன். நான் வந்து அப்படியே சொல்லித்தாறன்."

செயலாளர் இருமினார். மன்னிப்பு என்ற சொல் தலைவருக்கு எந்த மொழியிலும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் சொன்னாக் கேப்பாள். உமக்கும் நாலு மணிதானே சரி. எட்டு மணிக்கு நீர் வேலையில நிப்பீர்."

உண்மை. அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். மகள் என்னைப் பார்த்தாள். அவள் நாலு வருடம் படித்த படிப்பைப் பிழை என்று சொன்னால் எனக்குப் பூசை கிடைக்கும். நான் கனநேரம் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய்.

"றோல்ஸை எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை. பிள்ளை எழுதவேணும்."

"தேப்பனும் மகளுமாச் சேர்ந்து சனத்தின்ர பூசையைக் கெடுத்திட்டியள்" என்றார் வாசலில். பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கதவைப் பூட்டிவிட்டு வந்து மகளிடம் கேட்டேன்.

"அதை விட்டிட்டுச் சொல்லியிருக்க ஏலாதே?"

"ஏலும்."

"பிறகு?"

"போலந்துப் பாதர் சொன்னதை நான் விடேல்லையே அப்பா. அப்ப ஒருத்தரும் விடச் சொல்லேல்லை."

புத்தகத்தைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டாள்.

நேரம் மாறிய முதல் ஞாயிறு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு போனேன். எட்டு மணி. தலைவர் வரவில்லை. செயலாளர் வந்து, எங்களைக் கண்டுவிட்டு மற்றப் பக்கம் போய் இருந்தார். நன்மை எடுக்க வரிசையில் நின்றபோது திரும்பிப் பார்த்து, அந்த இருநூறில் எத்தனை பேர் என்று எண்ணினேன்.

இருபத்திமூன்று.