கிடைத்த மருத்துவ இடத்தை வேண்டாம் என்ற அப்பா

இன்று சிட்னியில் பென்டில் ஹில் போகும் ரயிலில் பொறியியலாளர் சிவராசாவையும் மகள் வதனியையும் கண்டேன்.

வதனிக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததென்று போன கிழமை கேள்விப்பட்டிருந்தேன். வாழ்த்தினேன். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன், அண்ணை,” என்றார் சிவராசா. “சிட்னிக்கு வெளியில, இப்பத்தான் துவங்கின மருத்துவ பீடம். யாழ்ப்பாணத்தில ஆருக்கு அதின்ர பேர் தெரியும்? நாளைக்குக் கலியாணம் பேசேக்க என்னத்தைச் சொல்லுறது? இஞ்ச பழைய யூனிவர்சிட்டியில சயன்ஸ் படிக்கட்டும்.”

“படிச்சு முடிய அவள் டொக்டரோ?”

“அதைப் பிறகு பாப்பம்.”

வதனி மெல்லச் சொன்னாள்: “இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திட்டினம், அங்கிள். நான் போன் பண்ணிக் கேட்டனான்.”

இலங்கையில் பல்கலைக்கழகம் புகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலால் மூத்த மகனுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை என்றுதான் இந்த மனிதர் நாட்டையே விட்டு வந்தார். விருந்துக்குப் போன வீடெல்லாம் அந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லி எங்களை நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை.

இடத்தைப் பறித்த அரசாங்கத்தைக் கண்டித்து இங்கே கூட்டம் போட்டோம். தலைமை தாங்கியவர் இவர்தான்.

இப்போது இவரைக் கண்டித்துக் கூட்டம் போட்டால் யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடலாம்? தன் பிள்ளைக்கு இதைச் செய்யமாட்டார் என்று நீங்கள் உறுதியாக நம்பும் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள்.